சண்முகத்தாயின் இதயம்

இதயத்தின் உள்சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது.

பரிபூரணம் கழுத்தை மெல்லத் திருப்பினாள். அவள் திரும்பி ஒரு கணம் தாமதித்து அந்த இதயமும் அவளோடு திரும்பியது. ஹெல்மெட்டின் கனம் பிடரியை அழுத்தியது. நெற்றியில் பதிந்திருந்த ஸ்பாஞ்சில் இதற்கு முன் அதை மாட்டியவளின் தேங்காயெண்ணெயும் வாடிய பிச்சிப்பூவும் மணத்தன. கண்ணுக்கு வெகு அருகில், ஹெல்மெட்டுக்குள் இருந்த குட்டித் திரையில், சின்னச் சின்னக் கட்டங்களாக, செக்கச் சிவந்த ஒரு குகை விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. காது இரண்டிலும் லப்-டப், லப்-டப் என்று ஓயாத அடி. சுற்றிலும் வலது ஆரிக்கிள் அறை. காலடியில் மூடித் திறக்கிற வால்வு. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. இடதுபக்கச் சுவரில், ஒரு மடிப்போரமாக, பட்டாணி அளவில் இருந்த அந்தப் பொட்டு மட்டும் சேர்த்தியில்லாமல் இருந்தது.

"ஏட்டி, இங்க என்ன கறுப்பா ஒண்ணு கெடக்கு?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் சிரிப்பது கேட்டது. "கண்டுபிடிச்சிட்டீகளா அக்கா? அது திருஷ்டிப் பொட்டு. நான்தான் வச்சேன்."

பரிபூரணம் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பகல் பன்னிரண்டு மணி வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தாலும் அந்த அறைக்கு அது தெரியாது. மாடியில் கெமிஸ்ட்ரிக்காரர்களின் பழைய ஸ்டோர் ரூம் அது. ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து, ஏ.சி. மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். மூலையில் யூ.பி.எஸ். மெல்லிசாக விசில் அடித்துக்கொண்டே இருக்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டை ஒட்டிய அந்தக் கல்லூரியில் ஏ.சி. உள்ள அறைகள் இரண்டுதான். ஒன்று பிரின்சிபாலுடையது, மற்றது இருபத்தேழு வயதுகூட ஆகாத சண்முகத்தாயுடையது.

"இதயத்துக்கு எதுக்குட்டி பொட்டு?"

"அது என் நெஞ்சுச் சத்தம்லா அக்கா. ஸ்டெதஸ்கோப்புல மைக்கைச் சொருகி என் நெஞ்சுல வச்சுத்தான் ரெக்கார்ட் பண்ணினேன். எங்கம்மா கேட்டுட்டுப் பதறிட்டாக. ஊரே உள்ள பூந்து பாக்கப்போவுது, ஒரு பொட்டாவது வையின்னு அவிய ஒரே பிடிவாதம்."

ஒரு விஷயம் அழகாக அமைந்துவிட்டால் அதில் ஒரு குறையை வேண்டுமென்றே வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். குழந்தையின் கன்னத்தில் மை வைப்பார்கள்; புது வீட்டு முகப்பில் பூசணிக்காயைத் தொங்கவிடுவார்கள். செட்டியார்பட்டியில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பரிபூரணத்தின் வீட்டிலேயே, மகள் பிறந்தபோது கன்னத்தில் மை வைத்தார்கள். அதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் கேட்டாள்.

"நீ எம்.சி.ஏ. படிச்சவதானா? யுனிவர்சிட்டிக் கமிட்டி வந்து, இது என்ன கட்டியா, ரத்தம் உறைஞ்சதான்னு கேட்டா, எங்கம்மா சொன்னாகன்னு சொல்லுவியா? ஸுவாலஜிக்கு நான்தான் பொறுப்பு. இதயத்துல இல்லாததை நான் அனுமதிக்க முடியாது. எடுத்துரு."

சண்முகத்தாயின் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் மௌஸை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா" என்று அழித்தாள்.

அறிவியல் பேசியது வாய்தான். பேச வைத்தது பொறாமை. அதைப் பரிபூரணம் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாமலில்லை. வருஷக்கணக்காக அந்தக் கல்லூரியில் இதயம் என்றால் பரிபூரணம் மேடம்தான். இரண்டு கையிலும் கலர் சாக்பீஸ் பிடித்து, ஒரே மூச்சில் போர்டு முழுக்க அவள் இதயத்தை வரைவதைப் பார்க்கப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நிற்பார்கள். பீரியட் முடிந்ததும் டஸ்டரால் துடைத்துவிட்டு அடுத்த வகுப்பில் மறுபடி வரைவாள். இப்போது யாரும் ஜன்னலில் நிற்பதில்லை. தொண்ணூற்றெட்டாம் வருஷம் தொடங்கியதிலிருந்து எல்லோரும் மாடியில்தான் நின்றார்கள், எப்போது தங்களை இதயத்துக்குள் நடக்க விடுவார்கள் என்று. இத்தனைக்கும் சுவரின் சதையே பரிபூரணம் கொடுத்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டு இதயங்கள் வாங்கி, அறுத்து, அறை அறையாக விரித்துப் போட்டோ எடுக்கவைத்தவள் அவள். அந்தப் போட்டோக்களைச் சண்முகத்தாய் கம்ப்யூட்டரில் ஏற்றி, முக்கோணம் முக்கோணமாகச் செய்த சுவர்களின்மேல் தோலாக ஒட்டினாள். ஆனால் பேப்பரில் போட்டோ வந்தது ஹெல்மெட் மாட்டிய சண்முகத்தாய்க்கு. கமிட்டிக்குப் பிடித்துவிட்டால் இந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும், அதைச் செய்து காட்டுகிறவள்தான் அதற்குத் தலைமை என்று பிரின்சிபால் ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னபோது, எல்லோரும் கை தட்டினார்கள். பரிபூரணமும் தட்டினாள். உள்ளங்கை எரிந்ததைவிட வயிறு அதிகமாக எரிந்தது.

மறுநாள் மதியம், சண்முகத்தாய் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பரிபூரணம் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். பொட்டு போய்விட்டதா என்று பார்க்கத்தான். போயிருந்தது. சுவர் குற்றம் சொல்ல முடியாத அழகோடு விரிந்து சுருங்கியது. எம்புட்டு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளோ, எரிச்சலோடு, கண் இமைக்காமல். பார்க்கப் பார்க்க, பொட்டு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சிவப்பு லேசாகப் பழுப்பானது. தண்ணீர்க் கறை சுவரில் ஊறுவதுபோல் அது ஊறிக்கொண்டே வந்து உள்ளங்கை அளவில் நின்றது.

புரோகிராமில் ஏதோ கோளாறு. அதுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியது, சொல்ல வேண்டாம் என்று. கமிட்டிக்கு முன்னால் தெரியட்டும், அவள் முகத்தில் ஈயாடாமல் நிற்கட்டும். ஹெல்மெட்டுக்குள் அந்த இருட்டில், யாருக்கும் தெரியாமல், பரிபூரணத்தின் உதடு விரிந்தது.

அதன்பிறகு தினமும் போனாள். சாப்பாட்டு நேரத்தில், லாப் இல்லாத பீரியடில், செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, கறுப்புத் துணியின் புழுங்கல் வாடைக்குள் நுழைந்து, சண்முகத்தாயின் எண்ணெய் மணத்தை நெற்றியில் பூசிக்கொண்டு, அந்தக் கறையைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் பெரிதானது. பழுப்பு நீலமானது, நீலம் கறுத்தது. கறை பட்ட இடத்தில் சுவர் சரியாக விரியவில்லை. சுற்றிலும் சதை துடிக்க, அந்த இடம் மட்டும் சோம்பிக் கிடந்தது. அவள் எங்கே பார்க்கிறாளோ அங்கேதான் பரவுகிறது என்பதைக் கவனிக்க அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. வலதுபுறம் பார்த்தாள்; வலதுபுறம் ஊறியது. வால்வைப் பார்த்தாள். இதழின் ஓரம் கருகியது.

ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில் காதில் கேட்ட அடி வேகமெடுத்தது. ரெக்கார்ட் செய்த சத்தம் அது. சில விநாடி நீளம், முடிந்ததும் முதலிலிருந்து ஓடும், என்றைக்கும் ஒரே சீர். இப்போது லப்-டப், லப்-டப், லப்-டப் என்று ஒன்றை ஒன்று துரத்தியது. ஓடுகிற ஆளுடைய நெஞ்சு. பரிபூரணம் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"ஸ்ஸ்... அப்பா" என்று சண்முகத்தாய் நிலையைப் பிடித்து நின்றாள். "மாடிப்படி ஏறிட்டு வாரேன் அக்கா, மூச்சு வாங்குது. இப்பல்லாம் அஞ்சாறு படிக்கே இப்படி ஆயிருது."

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்தினாள். அவள் நிதானமாக, காதுக்குள் அடியும் நிதானமானது.

பரிபூரணம் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை. கழற்றினால் தன் முகம் தெரிந்துவிடும்.

"சண்முகம்," குரலை இயல்பாக வைத்துக்கொண்டு கேட்டாள். "நீ உள்ள பாத்து எத்தனை நாளாச்சு? சுவத்துல எங்கயாவது கலர் மாறித் தெரியுதா?"

"காலையிலகூடப் பாத்தேனே. ஒண்ணுமில்லையே அக்கா. ரோசாப்பூ மாதிரி இருக்கு."

கெமிஸ்ட்ரி ஐயாதுரையையும் கூப்பிட்டுக் காட்டினாள். யாருக்கு எந்தப் புது பெஞ்சு வந்தாலும் முதலில் மூக்கை நுழைத்து விலை கேட்கிற ஆள். ஹெல்மெட்டுக்குள் இங்கும் அங்கும் திரும்பிவிட்டு, "எனக்கு எல்லாம் செவப்பாத்தான் தெரியுது மேடம். எங்க ஸ்டோர் ரூமைப் பிடுங்குனதுக்கு ஏதோ செஞ்சிருக்காக" என்று கழற்றிக் கொடுத்தார். அவருடைய வயிற்றெரிச்சல் எல்லாம் அறையின்மேல்தான், சண்முகத்தாயின்மேல் அல்ல.

அப்படியானால் கறை அவளுக்கு மட்டுந்தான். பரிபூரணத்துக்கு மட்டுந்தான்.

அந்த வாரம் அவள் மாடிக்கே போகவில்லை. போகாமலிருப்பது பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் வகுப்பில் போர்டில் வரைந்த இதயத்தைத் துடைக்கும்போதும், சாயங்காலம் பஸ்ஸில் மில்லைத் தாண்டும்போது வருகிற பஞ்சு வாடையிலும், வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தத்திலும், அந்தச் சோம்பிய கறுப்பு எதுவரை பரவியிருக்கிறது என்று மனசு நமைத்துக்கொண்டேயிருந்தது. கருணையால் அல்ல. பார்க்கவேண்டும்போல் இருந்தது. அந்த நமைச்சல்தான் அவளை முதன்முதலாகப் பயமுறுத்தியது.

சண்முகத்தாய் லீவு போட்டாள். பிறகு நீண்ட லீவு போட்டாள்.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். கோபுரம் தெரிகிற தெரு. வீட்டு வாசலில் பால்கோவாக் கடைக்காரனின் அடுப்புப் புகை வந்து முட்டியது. உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த சண்முகத்தாயின் உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. நகங்களும் அப்படித்தான். மதுரையில் எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, இதயச் சதை வலுவிழந்துகொண்டே போகிறது, காரணம் தெரியவில்லை என்கிறார்கள் என்று அவளுடைய அம்மா அழுதுகொண்டே சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

பரிபூரணம் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கட்டில் பக்கம் கண்ணை உயர்த்தப் பயமாக இருந்தது. "ஏட்டி, அந்தப் பொட்டு. அதைத் திரும்ப வச்சிருவோம். எப்படி வைக்கணும்னு சொல்லு, நானே வைக்கேன்."

"வேண்டாம் அக்கா." குரல் காற்றாக வந்தது. "நீங்க சொன்னதுதான் சரி. கமிட்டி முன்னால தப்பாத் தெரியக்கூடாது. நாளைக்கு நீங்களே மாட்டிக் காட்டுங்க. பிரின்சிபால்கிட்ட போன்ல சொல்லிட்டேன். தலைமைக்கும் உங்க பேரைத்தான் போடச் சொன்னேன். என்னால இனிமே படி ஏற முடியாது."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருக்கலாம். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கியிருக்கலாம். நாளைக்கு இன்னொரு முறை உள்ளே பார்த்தால் இந்தப் பெண் பிழைக்கமாட்டாள் என்பது பரிபூரணத்துக்கு அந்த நிமிஷத்தில் சந்தேகமறத் தெரிந்தது. தெரிந்தும், எங்கோ அடிவயிற்றில், என் பேர் என்று ஒரு இனிப்பு ஊறியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டால் போதும். இதயத்தை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். மூடிய கண்ணோடு ஹெல்மெட் மாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் முற்பகல் அந்த அறையில் நிற்க இடமில்லை. கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில்; ஹெல்மெட்டில் தெரிவதை அவர்களுக்குக் காட்ட ஒரு பெரிய டி.வி.; ஸ்பீக்கரில் இதய ஒலி. சென்ட்டும் வியர்வையும் ரோஜா மாலையும் கலந்த காற்று. வாசலில் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். பிரின்சிபால், "எங்கள் பரிபூரணம் மேடத்தின் படைப்பு" என்று ஆரம்பித்தபோது அவள் நிமிர்ந்து நின்றாள். அத்தனை கண்ணும் அவள்மேல் இருந்தது. எத்தனை நாள் ஆசை.

ஹெல்மெட்டை மாட்டினாள். கண்ணை இறுக மூடினாள்.

"இப்போது நாம் வலது ஆரிக்கிளில் நிற்கிறோம்." குரல் கணீரென்று வந்தது. தலையைத் திருப்பவேண்டிய இடத்தில் திருப்பினாள், உள்ளே நடக்கவைக்கிற ஜாய்ஸ்டிக் குச்சியைத் தள்ளவேண்டிய இடத்தில் தள்ளினாள். முன்வரிசையில் ஆச்சரியமாக முனகினார்கள். லப்-டப், லப்-டப். அடி நொண்டியது. லப்... டப். யாரும் கவனிக்கவில்லை. "இங்கிருந்து வால்வு வழியாகக் கீழே இறங்குகிறோம்."

"மேடம்," ஐயாதுரையின் குரல். "சுவத்துல முட்டிட்டு நிக்கீக. டி.வி.யில ஒண்ணுமே தெரியல."

குச்சியைப் பின்னால் இழுத்தாள். பக்கவாட்டில் தள்ளினாள்.

"இல்ல மேடம். இன்னும் முட்டிட்டுத்தான் இருக்கு."

யாரோ இருமினார்கள். நாற்காலி நகரும் சத்தம். கமிட்டித் தலைவர் பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ கிசுகிசுப்பது கேட்டது. அவ்வளவுதான், கைநழுவிப் போகப்போகிறது. ஒரே ஒரு கணம். வழி தெரிந்ததும் மூடிக்கொள்ளலாம்.

திறந்தாள்.

கறுப்பு. எல்லாப் பக்கமும். சுவரே கறுப்பு. வால்வின் இதழ்கள் கருகித் தொங்கின. ஒரே ஒரு இடத்தில், விரலகலம், சிவப்பு மிச்சமிருந்தது. அது மட்டும் துடித்தது. பார்க்கக்கூடாது. பார்க்கக்கூடாது என்று நினைக்கும்போதே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை மூடவில்லை. மூட வரவில்லை. சிவப்பு பழுப்பானது. பழுப்பு நீலமானது.

லப்.

அதற்கு டப் வரவில்லை.

ஸ்பீக்கரும் அடங்கிவிட்டது. ஏ.சி. சொட்டும் சத்தம் கேட்டது. "சவுண்டு போயிருச்சே" என்று யாரோ எழுந்தார்கள். கீழே ஆபீஸில் டெலிபோன் மணி அடித்தது, நின்றது. யாரோ படியேறி வந்து பிரின்சிபாலின் காதில் ஏதோ சொன்னார்கள். "அடக் கடவுளே" என்று அவர் வாய்க்குள் சொன்னது அவளுக்கு மட்டும் துல்லியமாகக் கேட்டது. "கமிட்டி போகட்டும். பொறவு சொல்லிக்கலாம்."

அப்போது மறுபடி சத்தம் வந்தது. லப்-டப், லப்-டப், லப்-டப். அவசர அவசரமாக, கனமாக. வேறு நெஞ்சு. கண்முன்னே சுவர் பளிச்சென்று சிவந்தது, புதுசாக, குற்றம் சொல்ல முடியாத அழகோடு. அறையில் கைதட்டல் வெடித்தது.

பரிபூரணம் மூச்சைப் பிடித்து நிறுத்தினாள். ஸ்பீக்கரில் அடி தயங்கியது. மூச்சை விட்டாள். அடி ஓடியது. புடவைக்கு மேல் உள்ளங்கையை வைத்தாள். கைக்கு அடியில் ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று. ஒரே நேரத்தில். ஒரே சீராக.

ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுத்தாள். வெளிச்சம் கூசியது. கமிட்டித் தலைவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். "பிரமாதம் மேடம். உங்கள் பெயரையே சிபாரிசு செய்கிறோம். எல்லோரும் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கட்டுமே."

"வேண்டாம்" என்றாள். கைதட்டலில் அது கேட்கவில்லை. "யாரும் பாக்கக்கூடாது. ஆப் பண்ணுங்க." பிரின்சிபால் சிரித்துக்கொண்டே அவளை நாற்காலியில் உட்காரவைத்து, களைத்துவிட்டீர்கள் என்று கையில் சோடாவைக் கொடுத்தார். எழுந்திருக்கப் பார்த்தாள். மேசையைச் சுற்றி அதற்குள் வரிசை நின்றுவிட்டது. பிசிக்ஸ்காரர்கள், ஆபீஸ்காரர்கள், பிள்ளைகள், வாசலைத் தாண்டி வராந்தா நெடுக, படிக்கட்டு வரைக்கும்.

வரிசையில் முதல் ஆளாக ஐயாதுரை நின்றார்.

"கொடுத்துவச்சவுக மேடம் நீங்க" என்றார். கண் சிரிக்கவில்லை. "நாங்களும் இங்கனதான் இத்தனை வருசமா கெடக்கோம். எங்களுக்கு இருந்த ஒரு ஸ்டோர் ரூமும் போச்சு."

ஹெல்மெட்டைத் தலையில் இறக்கினார். இங்கும் அங்கும் திரும்பினார். பிறகு தலை ஓரிடத்தில் நின்றது. அசையாமல் நின்றது. பரிபூரணத்தின் இடது மார்புக்குள், ஆழத்தில், ஒரு புள்ளி சில்லென்று குளிர்ந்தது.

"என்ன சார், ஏதாவது தெரியுதா?" என்று பின்னால் நின்றவர் கேட்டார்.

ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்த ஐயாதுரையின் உதடு மட்டும் மெல்ல விரிந்தது.